பட்டத்து யானைக்கு மாட்டிய தூக்குப்போசி

என் மகனுக்கு,

நலமா என்று விசாரிக்கப் போவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருமுவதே இங்கே கேட்கிறது. நாளை மறுநாள் உனக்குக் கல்யாணம். வீடு முழுக்கச் சொந்தபந்தம். உன்னை எந்த மூலையில் நிறுத்திப் பேசினாலும் ஓர் அத்தை வந்து, "என்னங்க, அப்பனும் மகனும் குசுகுசுன்னு" என்று நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். அது போக, உன்னோடு பேசுவது நிற்காமல் போகிற டவுன் பஸ்ஸுக்குக் கை காட்டுவது மாதிரி. நான் ஒரு மணி நேரம் பேசினால் "சரிங்கப்பா" என்று ஒன்று சொல்வாய். அதனால்தான் எழுதுகிறேன். கரண்ட் போயிருக்கிறது, மிஷின்கள் வாய் மூடிக் கிடக்கின்றன, டெய்லர்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். நான் எழுதுவதை எட்டிப் பார்க்க ஆளில்லை.

இந்த ஊரில் என்னை அப்பா என்று கூப்பிட நீ ஒருவன்தான். மாமா என்று கூப்பிட ஊரே இருக்கிறது. காய்கறிக்காரி முதல் கேபிள் டிவிக்காரன் வரை அத்தனை பேருக்கும் நான் மாமா. ஒரு தேங்காய் விழுந்தால் தோப்பே சாய்ந்தது என்று சொல்கிற மாமா. ஆகவே இதைப் படிக்கும்போது நீ செய்ய வேண்டியது இதுதான்: மிகையாகத் தெரிகிற இடங்களில் பாதியாக்கிக்கொள். ஆனால் நான் உன்னைப் பற்றிப் பெருமைப்படுகிற இடங்களில் ஒரு எழுத்தைக்கூடக் குறைக்காதே. அங்கே நான் ஏற்கெனவே குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் வண்டியிலிருந்து தொடங்குகிறேன், நம் குடும்பத்தில் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது. நீ பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்தது அந்த முந்நூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிள். ஒற்றை சிலிண்டர், பச்சை டேங்க், ஆள் படுத்துத் தூங்கலாம் போன்ற சீட்டு. அதற்குப் பட்டத்து யானை என்று பெயர் வைத்தவன் நான்தான். அதை உதைத்து ஸ்டார்ட் செய்தால் மங்கலத்தில் விசைத்தறிகள் நின்று கேட்கும் என்று சொல்லியிருக்கிறேன். அமராவதி அணையில் முதலைகள் தண்ணீருக்குள் தலையை இழுத்துக்கொள்ளும் என்றும் சொல்லியிருக்கிறேன். அவற்றில் முதலாவது பொய். இரண்டாவதை யாரும் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் உன் அம்மாவைப் பெண் பார்க்க அந்த வண்டியில்தான் போனேன் என்பதும், மாப்பிள்ளையை விட வண்டி நன்றாக இருக்கிறது என்று அவள் தன் தங்கையிடம் சொன்னாள் என்பதும் கலப்படமில்லாத உண்மை.

பிறகு வீட்டுக்கு முன்னால் ஷெட் போட்டு மிஷின்கள் வாங்கினோம். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்று துணியை வெட்டித் தரும், நாம் தைத்துக் கொடுப்போம். நீ வளர்ந்து ஷெட்டில் கூட நின்ற ஒரு வருஷம் நமக்குக் கிடைத்தது குழந்தை உடுப்பு. கைக்குழந்தைக்குப் போடுகிற பனியன், தூய வெள்ளை. வெள்ளை வேலை என்பது என்னவென்று நீ என்னை விட நன்றாக அறிவாய். கறுப்புத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் கடவுளுக்கு மட்டும் தெரியும். வெள்ளையில் விழுந்தால் ஜெர்மனியில் சரக்கு வாங்குகிற பையர் வரைக்கும் தெரியும். நம் டெய்லர்கள் அத்தனை பேருக்கும் அந்த வேலைதான் சோறு. தைத்த பீஸ்களை நூல் கோன் வருகிற சாக்குப்பையில் கட்டி, யானையின் பின் கேரியரில் வலது பக்கம் தொங்கவிட்டு, ராஜாவுக்குத் திறை கொண்டுபோகிற தளபதி மாதிரி நான்தான் தினமும் கம்பெனிக்குக் கொண்டுபோவேன்.

அங்கே செக்கிங் டேபிளில் நின்றது யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாளை மறுநாள் உன் பக்கத்தில் உட்காரப் போகிற அதே ரேவதிதான். அப்போது எனக்கு அவள் எமன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பனியனை விரித்து, நெஞ்சு, முதுகு, கை என்று பார்த்து, கறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகப் போடுவாள். ஒருநாள் அவள் ஓரமாகப் போட்டதே ஒரு குன்று உயரம் வந்துவிட்டது. உயரத்தைப் பாதியாக்கிக்கொள், அப்போதும் குன்றுதான்.

"ஏனுங்க, இத்தனை பீஸ்ல ஆயில் கறைங்க. மேனேஜர் பார்த்துட்டாருங்க. அடுத்த லாட்டுல ஒரு பீஸ்ல கறை இருந்தாலும் வேலைய வேற யூனிட்டுக்கு மாத்திருவோம்னு சொல்லிட்டாருங்க."

"அம்மிணி, அது துணியிலயே இருக்குது. துணி பின்னுன நிட்டிங்காரன் ஊசிக்கு எண்ணெய அள்ளி ஊத்தியிருப்பான்."

"அப்படீங்களா? அப்ப நிட்டிங்ல எழுதிக் கேக்கறனுங்க. ஆனா அடுத்த லாட்டு சுத்தமா வரோணுமுங்க."

குரலில் கோபமே இல்லை. அத்தனையும் 'ங்க'. நம்மூரில் கழுத்தை அறுத்தாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் விசாரணைக் கமிஷன் அமைத்தேன். தலைவரும் நானே, சாட்சியும் நானே. முதல் குற்றவாளியாக ஓவர்லாக் டெய்லர் முத்துப்பாண்டியைப் பிடித்தேன். உன் மிஷின்தான் எண்ணெய் கக்குகிறது என்றேன். அருப்புக்கோட்டைக்காரன், சும்மா இருப்பானா? "என்ன மாமா இப்படிச் சொல்லிப்புட்டீக" என்று எழுந்தான். ஒரு வெள்ளைக் கட்பீஸை எடுத்து மிஷினின் பாதத்துக்கு அடியில் விரித்தான். சாயங்காலம் வரை அதன் மேலேயே தைத்தான். வேலை முடிந்து அதை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தான். பால் மாதிரி இருந்தது. "எங்கிட்டு மாமா எண்ணெய்? உங்க மூஞ்சிலதான் வடியுது" என்றான். ஷெட்டே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. சாம்பிளுக்கு நான் கம்பெனியிலிருந்து வாங்கி வந்த சில கறைப் பனியன்களை ஜன்னலோரமாகப் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் அந்தப் பார்வையை நான் குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன். சின்ன வயதில் நீ பேசாமல் இருந்தபோது பையனுக்குக் காது கேட்கவில்லையோ என்று டாக்டரிடம் கூட்டிப்போனவர்கள் நாங்கள். காது நன்றாகக் கேட்கிறது, வீட்டில் இவன் பேச இடம் இருக்கிறதா என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். அன்று எல்லோரும் கறை எப்படி வந்தது என்று கத்திக்கொண்டிருந்தோம். நீ கறை எங்கே இருக்கிறது என்று பார்த்தாய். மூட்டை கட்டுகிறவன் நீ, எந்த சைஸ் எங்கே இருந்தது என்று உனக்குத் தெரியும். அம்பு ஒட்டிய பீஸ்கள் எல்லாம் மூட்டையின் அடியில், வண்டிப் பக்கமாக இருந்தவை. கறையும் சொட்டு இல்லை, பழுப்புப் பொடி தூவினாற்போல. மிஷின் சொட்டும், தூவாது. மறுபேச்சில்லாமல் போய், யானையின் வலது பக்கம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயின் வாயில் ஒரு வெள்ளைக் கட்பீஸைக் காற்றுப் போகும்படி தளர்வாகக் கட்டினாய். "அப்பா, காங்கேயம் ரோடு வரைக்கும் ஒருக்கா போயிட்டு வாங்க" என்றாய்.

போய் வந்தேன். அந்தத் துணி வெற்றிலை போட்டுத் துப்பியதுபோல் இருந்தது.

"அப்பா, இது வண்டிங்க."

நீ சொன்னது இரண்டே சொல். என் தலையில் விழுந்தது இடி. யானைக்கா குற்றம்? எஞ்சினுக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் அடியிலிருக்கும் காற்றை நெருக்கும், அந்தக் காற்று வெளியே போகத்தான் பிரீதர் குழாய், வண்டிக்கு வயசாகி ரிங் தேய்ந்துவிட்டதால் காற்றோடு எண்ணெய்ப் புகையும் சேர்ந்து வருகிறது, அது மூட்டையின் பின்னலுக்குள் புகுந்து துணியில் படிகிறது என்று நீ விளக்கியதை நான் காதில் வாங்கவேயில்லை. வயசாகி என்ற சொல்லோடு என் காது மூடிக்கொண்டது. "ஏனுங்க, ஒரு ஆட்டோவுல அனுப்பிட்டாப் போச்சு" என்றாள் உன் அம்மா. பட்டத்து யானை வாசலில் நிற்க ஆட்டோவா? அடுத்து நான் செய்ததை இந்த உலகத்தில் திருப்பூர்க்காரனைத் தவிர வேறொருவன் செய்திருக்க மாட்டான்.

பனியன் வேஸ்ட்டை எடுத்தேன். நம்மூரில் எதற்குத்தான் பனியன் வேஸ்ட் இல்லை? குழாய் ஒழுகினால் பனியன் வேஸ்ட், ஜன்னல் ஆடினால் பனியன் வேஸ்ட், கையில் வெட்டுப்பட்டால் பனியன் வேஸ்ட். வெட்டிப் போட்ட துண்டுத்துணியை அடைத்துச் சரியாகாத ஓட்டை இந்த ஜில்லாவில் கிடையாது என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். ஒரு பிடி எடுத்து, அந்தப் பிரீதர் குழாயின் வாயில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி அடைத்தேன். எண்ணெய் எப்படி வரும் பார்க்கிறேன் என்று மீசையையும் தடவிக்கொண்டேன்.

ஊத்துக்குளி ரோட்டில் யானைக்கு மதம் பிடித்தது. மூச்சை அடைத்தால் அது என்ன செய்யும்? உள்ளே நெருக்கிய காற்று போகிற வழி தேடி, எஞ்சினின் ஆயில் சீலைப் பிதுக்கித் தள்ளிவிட்டது. எண்ணெய் என் வேட்டியில், செருப்பில், பின்னால் வந்த கம்பெனி வேனின் கண்ணாடியில், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசல் கோலத்தில். கோலத்தைக் கழித்துவிடு. மற்றதெல்லாம் நடந்தது. வேன் டிரைவர் இறங்கி வந்து, "ஏனுங் மாமா, எண்ணெய்க் குளியல் சனிக்கிழமைதானுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். நல்லவேளை, மூட்டை ஏற்றாமல் போயிருந்தேன். நீ வாசலில் நின்று பார்த்தாய். நான்தான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல உனக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. ஒரு கொக்கியால் குழாயிலிருந்து பனியன் வேஸ்ட்டை இழுத்து எடுத்துவிட்டு, "சூடா இருக்குதுங்கப்பா, தொடாதீங்க" என்றாய். கண்ணு, கல்யாணத்துக்கு அப்பன் தருகிற அறிவுரை என்று ஒன்று வேண்டுமென்றால் அது நீ எனக்குத் தந்ததுதான். தப்பு செய்த ஆளின் கை சுடாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. தப்பைப் பற்றிப் பிறகு பேசலாம், பேசாமலும் விடலாம்.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய் வந்தாய். பையன் இன்டர்நெட்டில் என்னென்ன பார்க்கிறானோ என்று உன் அம்மா கவலைப்பட்டாள். நீ கொண்டுவந்த பிரின்டில் இருந்ததோ ஒரு வெள்ளைக்காரனின் மோட்டார் சைக்கிளும், அதன் இடுப்பில் ஒரு சின்ன டப்பாவும். எஞ்சின் விடுகிற மூச்சை அந்த டப்பாவுக்குள் கொண்டுபோய், எண்ணெயை அங்கேயே தங்கவிட்டு, வெறும் காற்றை வெளியே அனுப்புகிற ஏற்பாடு. அதற்குப் பெயர் கேட்ச் கேன் என்றாய். இங்கே எங்கும் கிடைக்காது, நாமே செய்யலாம் என்றாய். 'நாமே' என்று நீ சொன்னதில் நானும் இருந்தேன் என்பதை அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது உன் அம்மாவின் சமையலறை மீது படையெடுப்பு. சாப்பாடு கொண்டுபோகிற எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று போனது, மூடி இறுக்கமாக உட்காருகிற நல்ல போசி. பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் போனது. குக்கர் கேஸ்கெட் போனது. "ஏனுங்க, அடுப்பையும் கழட்டிட்டுப் போகச் சொல்லுங்க உங்க மகன" என்றாள். மூடிக்கு உள்ளே மரக்கட்டையை வைத்து, தகடு மடங்காமல் இரண்டு ஓட்டை போட்டாய். ஸ்டீம் அயர்னுக்கு வைத்திருந்த பித்தளை நிப்பிள் இரண்டை வாஷர் வைத்து இறுக்கினாய். உள்ளே வருகிற குழாய் போசியின் பாதி வரை இறங்கியது. வெளியே போகிற குழாய் மூடியோடு நின்றது. நடுவில் கம்பி நார். எண்ணெய்ப் புகை அதில் மோதிச் சொட்டுச் சொட்டாக அடியில் சேர வேண்டும். ரப்பர் குழாயை நான் அழகாக வளைத்துத் தொங்கவிட்டபோது நீ மறுபடி அவிழ்த்தாய். தொய்வு இருந்தால் அங்கே எண்ணெய் தேங்கி மூச்சு அடைக்கும் என்றாய். வெளிவாயை இடது பக்கம் தரையைப் பார்க்கத் திருப்பினாய், மூட்டைக்கு எதிர்ப்பக்கம். பழைய ஆயில் சீலுக்குப் பதில் புதுசு போட்டாய். போசி அதிராமல் இருக்க டயர் ட்யூபில் வெட்டிய பட்டையால் கட்டினாய். நான் டார்ச் பிடித்தேன். அதையும் சரியாகப் பிடிக்கவில்லை என்று முத்துப்பாண்டி என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டான்.

முதல் ஓட்டத்தில் யானை பெருமூச்சு விட்டது. நிஜமாகவே சத்தம் குறைந்து, வயிறு நிறைந்த ஆள் மாதிரி நின்று துடித்தது. அந்தத் தெம்பில்தான், நீ ஷெட்டுக்குள் இருந்தபோது, சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மங்கலத்தில் உன் சித்தி வீட்டுக்குப் போனேன். மச்சினிக்குக் காட்ட வேண்டாமா? ஆனால் காட்டவில்லை. போன உடனே இலை போட்டுவிட்டாள், சாப்பிட்டுவிட்டுப் பாய் விரித்துப் படுத்துவிட்டேன். அந்த நேரத்தில் அவள் வாசலுக்கு வந்திருக்கிறாள். வண்டியில் போசி தொங்குகிறது. அக்கா வீட்டுப் போசி, இந்த வீட்டுக்கு வந்தது வெறுமையாகத் திரும்பலாமா? மூடியைத் திறந்திருக்கிறாள். "அக்கா என்னத்தையோ குடுத்துட்டிருக்கறா, கெட்டே போச்சு" என்று உள்ளே இருந்ததைச் சாக்கடையில் கொட்டியிருக்கிறாள். நாரையும் போசியையும் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து, கழுத்து வரைக்கும் மிளகு ரசம் ஊற்றி, மூடியை அழுத்தி, இருந்த இடத்திலேயே கட்டியும் வைத்துவிட்டாள். நம்மூர் உபசாரத்தில் சொல்லிக் காட்டுகிற வழக்கம் இல்லையே. சொல்லவில்லை.

நான் ஸ்டார்ட் செய்தேன். யானை கொப்பளித்தது. மூடிக்கு மேலிருந்த குழாய் வழியாக என் இடது கால் மீது சுடச்சுட ரசம் பீச்சியது. நம்மூர்ப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மிளகு வாசனை, பின்னால் வந்தவர்களெல்லாம் தும்மிக்கொண்டே வந்தார்கள் என்று இன்றைக்கும் டீக்கடையில் சொல்கிறேன். உண்மையில் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டேன். உனக்கு செல்லில் கூப்பிட்டேன். நீ வந்து பார்த்து, மோந்து பார்த்து, "ரசமுங்களா?" என்றாய். உன் உதடு துடித்தது. அவ்வளவுதான். எஞ்சின் உள்ளே இழுத்திருக்குமோ என்று ஆயிலை முழுக்க வடித்து, புதுசு ஊற்றி, மறுபடி வடித்து, மறுபடி ஊற்றினாய். அப்புறம் பெயின்ட்டும் பிரஷ்ஷும் எடுத்து, போசியின் வயிற்றில் பெரிய எழுத்தில் எழுதினாய்: 'எஞ்சின் ஆயில். சாப்பாடு போட வேண்டாம்.' உன் சித்தி அதைப் படித்துவிட்டு, அப்படியானால் பலகாரமாவது வைக்கலாமா என்று கேட்டாள்.

அடுத்த லாட்டைத் தைத்து முடித்தோம். ஆட்டோவில் அனுப்பி இந்த ஒரு தடவை தப்பித்துக்கொள்ளலாம் என்று இப்போது நானே சொன்னேன். ஷெட்டில் இத்தனை முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. என் வீரமெல்லாம் ரசத்தில் கரைந்திருந்தது. "இன்னைக்குத் தப்பிச்சா நாளைக்கும் யோசிக்கோணுமுங்கப்பா" என்றாய். மூட்டையைக் கட்டினாய். பின்னால் நீ உட்கார, நான் ஓட்டினேன். வழி நெடுக நான் கும்பிட்ட சாமிகளை வரிசையாக நிறுத்தினால் பழனி மலைப்படி போதாது.

ரேவதி மூட்டையைப் பிரித்தாள். விரித்தாள், திருப்பினாள், மடித்தாள். அடியில் இருந்த பீஸ்களைத் தனியாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சிவப்பு அம்பு ரோல் மேஜை மேல் கிடந்தது. அவள் கை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் உயிர் பாதி தூரம் போய் வந்தது. கடைசி பனியனை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சுத்தமா இருக்குதுங்க. அப்ப நீங்க சொன்னதுதான் சரிங்க, மாமா. போன லாட்டு துணியிலதான் கோளாறு. நிட்டிங் யூனிட்டுக்கு எழுதி வச்சிருக்கறனுங்க. மேனேஜர் இன்னைக்கு அனுப்பச் சொல்லியிருக்காரு. அவங்களுக்கு இனிமே ஆர்டர் இல்லைங்க."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது. பெரும்பாலும் "ஆமா அம்மிணி" என்றுதான் வந்திருக்கும். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். யாருடா இது என்று திரும்பிப் பார்த்தேன். நீ.

"அதை அனுப்பாதீங்க. துணியில ஒண்ணும் இல்லைங்க. அது எங்க வண்டிங்க."

நம் ஷெட், நம் டெய்லர்கள், அவர்கள் பிள்ளைகளின் ஸ்கூல், எல்லாம் உன் நாக்கு நுனியில் நின்றன. அதுவும் இந்த லாட்டு பாஸ் ஆன அடுத்த நிமிஷத்தில். உன் இடுப்பில் ஒரு குத்து விடலாமா என்று என் முழங்கை துடித்தது. நீயோ நிறுத்தவில்லை. பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அன்றைக்கு அவிழ்த்தாய். பிஸ்டன் என்றாய், நெருக்கிய காற்று என்றாய், மூட்டை வலது பக்கம் தொங்கியது என்றாய், நான் பனியன் வேஸ்ட் அடைத்ததை மட்டும் விட்டுவிட்டாய். "போன லாட்டுல கறையான பீஸெல்லாம் குடுங்க, நாங்களே கறை எடுத்துத் தரோமுங்க. நிட்டிங்காரங்க மேல தப்பு இல்லைங்க" என்று முடித்தாய். அவள் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜையிலிருந்து ஒரு வெள்ளைக் கட்பீஸை எடுத்தாள்.

"வண்டிய காட்டுங்க."

பார்க்கிங்கில் யானையைச் சுற்றி வந்தாள். போசியில் எழுதியிருந்ததைப் படித்தாள். "சாப்பாடா?" என்றாள். நீ என்னைப் பார்த்தாய், நான் வானத்தைப் பார்த்தேன். குழாயின் வெளிவாயில் தன் கையாலேயே அந்தத் துணியைத் தளர்வாகக் கட்டினாள். "மாமா, காம்பவுண்ட சுத்தி ஓட்டுங்க. நான் சொல்ற வரைக்கும்" என்றாள். ஓட்டினேன் கண்ணு. வாட்ச்மேன் முதல் சுற்றில் சல்யூட் வைத்தான், அடுத்த சுற்றில் சிரித்தான், அப்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். மாடி ஜன்னலில் கட்டிங் மாஸ்டர்கள் வந்து நின்றார்கள். போதும் என்று அவள் கை காட்டியபோது எனக்கே மூச்சு வாங்கியது. துணியை அவிழ்த்தாள். வெயிலில் தூக்கிப் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உன் முகத்தைப் பார்த்திருக்கலாம் என்று இன்றைக்கும் வருந்துகிறேன்.

"வெள்ளையா இருக்குதுங்க" என்றாள்.

உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வெளியே வந்தாள். "நிட்டிங்காரங்களுக்கு எழுதினத கிழிச்சாச்சுங்க. உங்களுக்கு அடுத்த லாட்டு நாளைக்கு வந்து எடுத்துக்குங்க. இனிமே சாக்குக்குள்ள பாலித்தீன் பை போடோணுமுங்க. கறைப் பீஸ எடுத்துட்டுப் போங்க, ஒரு புள்ளி பாக்கி இருந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன்." அதற்கும் நீ பழைய மாதிரி "சரிங்க" என்று ஒன்று சொல்லிவிட்டு மூட்டை கட்டப் போய்விட்டாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு லாட்டையும் நீயே கொண்டுபோக ஆரம்பித்தது ஏன், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனது ஏன் என்றெல்லாம் நான் விசாரணைக் கமிஷன் வைக்கவில்லை. உன் அம்மா வைத்தாள். அதன் தீர்ப்பைத்தான் வாசலில் பந்தலாகப் போட்டிருக்கிறார்கள்.

கண்ணு, நான் இந்தக் கடிதத்தில் பெருமைப்படுவது போசிக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. போசி பிரமாதம், உலகத்தின் எட்டாவது அதிசயம், அதையெல்லாம் டீக்கடையில் சொல்லி முடித்துவிட்டேன். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். அன்றைக்கு நீ உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங் மாமா, உங்க பையன் எப்பவுமே இப்படித்தானுங்களா? யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே உண்மையச் சொல்லிருவாருங்களா?"

நான் மீசையைத் தடவி, நெஞ்சை நிமிர்த்தி, கம்பெனி வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "எங்க பரம்பரையே அப்படித்தான் அம்மிணி."

என் ஆயுசில் நான் அவிழ்த்துவிட்ட புளுகுகளிலேயே மிகப் பெரியது அது. அந்தப் பெண் அதை நம்பித்தான் நாளை மறுநாள் இந்த வீட்டுக்கு வருகிறாள். அதை உண்மையாக்குகிற வேலையை உன்னிடம் ஒப்படைக்கிறேன். எனக்கு இனிமேல் பழக நேரமில்லை, கண்ணு. பரம்பரை உன்னிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

உன் அப்பன்.